நரம்பு அகஞ்சுரப்புக் கட்டிகளில் இமியூனோ: போர்மலின் போத்தலிலிருந்து அறிக்கை வரை

பயிற்சிக் காலத்தில் பார்த்த ஒரு ஸ்லைட் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. சுவாசக் குழாயிலிருந்து எடுத்த, அரிசிமணியிலும் சிறிய பயொப்சி. எடுக்கும்போதே இடுக்கியில் நசுங்கிவிட்டது. கருக்கள் இழுபட்டு, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இமியூனோ என்பது பிறபொருளெதிரி (அன்டிபொடி) கொண்டு ஒரு புரதத்தைத் தேடி, அது இருக்கும் இடத்தில் கபில நிறம் எடுக்கும் முறை. அதில் நரம்பு அகஞ்சுரப்புக் கலங்களைக் காட்டும் சினாப்டோபிசின் போட்டோம். கபில நிறம் அழகாகப் பிடித்தது. சிறுகலப் புற்றுநோய் என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த மேற்பார்வை வைத்தியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கே.ஐ.-67 எவ்வளவு?"

பிரிந்து பெருகும் கலங்களைக் காட்டும் நிறமூட்டல் அது. நான் அதைப் போடவே இல்லை. போட்டுப் பார்த்தபோது நூறு கலங்களில் ஒன்றோ இரண்டோதான் நிறம் பிடித்திருந்தன. சிறுகலப் புற்றுநோயில் அது பெரும்பாலும் பாதிக்கு மேலே, பல தடவை 80, 90 சதவீதம் கூட வரும். எனவே இது மெதுவாக வளரும் கார்சினொயிட் கட்டி. சிறுகலப் புற்றுநோய்க்கு உடனடியாகக் கீமோ தேவை. கார்சினொயிட்டைப் பல தடவை சத்திரசிகிச்சையோடேயே குணப்படுத்திவிடலாம். இரண்டிலும் சினாப்டோபிசின் கபிலமாகத்தான் வரும்.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறம் பிடித்திருக்கிறதா என்பதோடு நம் வேலை முடிவதில்லை. எந்தக் கேள்விக்காக அந்த நிறத்தைப் போட்டோம், அந்தப் பதிலை நம்பலாமா என்றும் பார்க்க வேண்டும். பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் நோயியல் படிக்கும் தம்பி, தங்கைகளையும், கொழும்பு ஆய்வுகூடங்களில் இந்த ஸ்லைட்டுகளைச் செய்யும் தொழில்நுட்பவியலாளர்களையும் மனதில் வைத்து எழுதியது இது. நாம் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் சந்தேகம் வரும்போது ஒருவரோடு ஒருவர் பேசுவது தமிழில்தானே.

இந்தக் கட்டிகள் எவை

உடம்பில் குடல், சதையி, நுரையீரல் என்று பல இடங்களில், நரம்புக் கலம் போலவும் ஹோர்மோன் சுரக்கும் கலம் போலவும் நடந்துகொள்ளும் கலங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து எழுபவையே நரம்பு அகஞ்சுரப்புக் கட்டிகள். ஆய்வுகூடத்தில் சுருக்கமாக 'நெட்' என்போம். 1907 இல் சிக்பிரீட் ஒபேர்ன்டோர்பர் என்ற ஜேர்மன் நோயியலாளர் சிறுகுடலில் இவற்றைப் பார்த்து 'கார்சினொயிட்' என்று பெயர் வைத்தார். புற்றுநோய் போலத் தெரிந்தாலும் அவ்வளவு வேகமாகப் பரவாதது என்பது அவருடைய எண்ணம். இவையும் ஈரலுக்குப் பரவும் என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் இன்று தரம் பிரித்து எழுதுகிறோம்.

இதே குடும்பத்தில் முற்றிலும் வேறு குணமுள்ள ஒன்றும் உண்டு. அது நரம்பு அகஞ்சுரப்புப் புற்றுநோய், சுருக்கமாக 'நெக்'. சிறுகலம், பெருங்கலம் என இரு வகை. பெயர் ஒத்திருந்தாலும் மரபணு மாற்றங்களும் சிகிச்சையும் வேறு. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் இமியூனோவின் மிகப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

படி 1: போத்தல்

இமியூனோ நன்றாக வரவில்லை என்றால் முதலில் பிறபொருளெதிரியைக் குறை சொல்வோம். பல தடவை தவறு அதற்கு முன்பே, சத்திரசிகிச்சை அறையிலேயே நடந்திருக்கும்.

இழையம் உடனே 10 சதவீத நடுநிலைத் தாங்கல் போர்மலினுக்குள் போக வேண்டும். இழையத்தின் கனவளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு போர்மலின் இருக்க வேண்டும். சிறிய போத்தலுக்குள் பெரிய குடல் துண்டைத் திணித்து, மேலே இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி அனுப்புவது போதாது. போர்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் என்ற மெதுவான வேகத்தில்தான் உள்ளே போகும். முழுச் சதையியை வெட்டாமல் போட்டால் வெளிப்புறம் பதப்படும், நடுவே இருக்கும் கட்டி அழுகும். கொழும்பின் வெப்பத்தில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

6 மணித்தியாலத்துக்குக் குறையாமல், 72 மணித்தியாலத்துக்கு மேற்படாமல் பதப்படுத்துவது நல்லது. வெள்ளிக்கிழமை போயா, பிறகு சனி, ஞாயிறு என்று வரும் நீண்ட விடுமுறைதான் இங்கே பெரிய சிக்கல். வியாழன் மாலை வந்த இழையத்தைத் திங்கள் காலைதான் தொடுகிறோம் என்றால் எல்லை தாண்டிவிட்டது. அதற்காக இழையத்தை வீசிவிட வேண்டியதில்லை. எப்போது போர்மலினில் விழுந்தது, எப்போது வெளியே வந்தது என்று படிவத்தில் நேரத்தை எழுதினால் போதும். பிறகு நிறம் மங்கலாக வந்தால் காரணம் கையில் இருக்கும்.

எலும்பில் பரவிய கட்டி என்றால் சுண்ணாம்பை நீக்க வேண்டியிருக்கும். கடும் அமிலத்தில் அதைச் செய்தால் கே.ஐ.-67 குறைந்து தெரியும். நேரம் இருந்தால் ஈ.டி.ரீ.ஏ. கரைசல் நல்லது.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளையிலிருந்து மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்கு வருகிற குடும்பங்கள், இழையத்தை மெழுகில் பதித்த புளொக்கையும் கையோடு கொண்டுவருவது உண்டு. அவர்களுக்கு ஒரு சொல். அது மெழுகு. பெரும்பாலும் 60 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். வெயிலில் நிற்கும் வான் வண்டியின் கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். கைப்பைக்குள், உடுப்புகளுக்கு நடுவே வைத்தால் போதும்.

படி 2: முதலில் சாதாரண நிறமூட்டல்

ஹீமற்றொக்சிலின், இயோசின் போட்ட ஸ்லைட்டை நிதானமாகப் பார்க்காமல் இமியூனோ கேட்கக் கூடாது. கலங்கள் கூடு கூடாகவோ, நாடா நாடாகவோ, சிறு ரோஜா வட்டங்களாகவோ அடுக்கியிருக்கின்றனவா? கருக்கள் ஒரே அளவில், வட்டமாக, உப்பும் மிளகும் தூவினது போன்ற குரோமற்றினோடு இருக்கின்றனவா? நடுவே மெல்லிய இரத்தக் குழாய்கள் நிறைய ஓடுகின்றனவா? இப்படி இருந்தால் நெட் என்ற சந்தேகத்துக்குக் காரணம் உண்டு.

கலங்கள் செத்துக் கிடக்கும் இடங்களையும், இழையுருப்பிரிவுகளையும் (இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் கலங்கள்) இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அத்திவாரம். தோற்றமே பொருந்தாத ஒரு சுரப்பிப் புற்றுநோயில் சும்மா சினாப்டோபிசின் போட்டால் சில கலங்கள் நிறம் பிடிக்கலாம். அதை வைத்துக்கொண்டு நோயின் பெயரை மாற்றுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

படி 3: வெட்டுதல்

ஊசிப் பயொப்சியில் இழையம் மிகச் சொற்பம். புளொக்கை மைக்ரொடோம் என்ற வெட்டும் கருவியில் ஏற்றும் ஒவ்வொரு தடவையும், முகத்தைச் சமப்படுத்தும்போதே கொஞ்சம் வீணாகும். ஆகவே முதல் தடவையிலேயே நிறமூட்டாத எட்டுப் பத்துத் துண்டுகளையும் சேர்த்து வெட்டி வையுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ நோயாளிகள் இரண்டாவது ஊசியிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

தடிப்பு 3 முதல் 4 மைக்ரோமீற்றர். மின்னேற்றம் கொண்ட ஸ்லைட்டிலேயே எடுக்க வேண்டும். சாதாரண ஸ்லைட் என்றால் கொதிக்கும் கரைசலில் இழையம் கழன்று மிதக்கும். நீர் நன்றாக வடிந்த பிறகு 60 பாகையில் ஒரு மணித்தியாலம் உலர்த்துங்கள். நமது ஈரக்காற்றில் வடிவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

படி 4: எதை முதலில் போடுவது

என் முதல் வரிசை எளிமையானது. பரந்த கெரற்றின், சினாப்டோபிசின், குரோமோகிரனின் ஏ, கே.ஐ.-67.

கெரற்றின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கட்டி மேலணி வகைதானா என்று உறுதிப்படுத்தத்தான். கெரற்றின் பிடிக்காமல் மற்ற இரண்டும் பிடித்தால் நரம்புக் கணுக்களில் எழும் பராகங்கிலியோமா நினைவுக்கு வர வேண்டும்.

சினாப்டோபிசின் கலத்தின் சிறு குமிழ்களின் மென்சவ்வில் இருக்கும் புரதம். உணர்திறன் அதிகம், ஆனால் தனித்தன்மை அவ்வளவு இல்லை. குரோமோகிரனின் ஏ ஹோர்மோன் அடைத்த பெரிய மணிகளுக்குள் இருப்பது. தனித்தன்மை அதிகம். ஆனால் மணிகள் குறைந்த கட்டியில், முக்கியமாக நெக்கில், புள்ளி புள்ளியாகவோ சுத்தமாக இல்லாமலோ போகலாம். ஒன்றின் குறையை மற்றது நிரப்புவதால் இரண்டையும் சேர்த்தே போடுகிறோம்.

வசதி இருந்தால் ஐ.என்.எஸ்.எம்.-1 சேருங்கள். இது கருவில் நிறம் பிடிப்பது. நசுங்கிய நுரையீரல் பயொப்சிகளில் குழியவுரு குழம்பிக் கிடக்கும்போது, கருவில் தெளிவாகத் தெரியும் ஒன்று பெரிய ஆறுதல். சீ.டி.56 ஐத் தனியாக நம்ப வேண்டாம். மயலோமா, சில லிம்போமா, சதையியின் வேறு கட்டிகள் எல்லாவற்றிலும் அது பிடிக்கும். என்.எஸ்.ஈ. எனப்படும் பழையதை இன்னும் சிலர் கேட்கிறார்கள். எதிலும் பிடிக்கும் ஒன்று எதையும் பிரித்துக் காட்டாது. அந்தப் பணத்துக்கு இன்னொரு நல்ல பிறபொருளெதிரி வாங்கலாம்.

படி 5: மேசையில் செய்யும் வேலை

பிறபொருளெதிரியில் அடையாளம் ஒன்றைக் கட்டி இழையத்தில் தேடும் யோசனையை அல்பேர்ட் கூன்ஸ் 1941 இல் ஒளிரும் சாயத்தோடு தொடங்கிவைத்தார். இன்று நாம் நொதியத்தைக் கட்டி, கபில நிறம் எடுக்கிறோம். தானியங்கி இயந்திரம் இருக்கும் இடத்திலும் உள்ளே நடப்பது இதுதான். கையால் செய்வோருக்காக வரிசையாகச் சொல்கிறேன். அளவுகளும் நேரங்களும் பொதுவானவை. உங்கள் போத்தலோடு வரும் தாளில் இருப்பதே கடைசி வார்த்தை.

1. சைலீனில் மெழுகை நீக்கி, அற்ககோல் படிகள் வழியாக நீருக்குக் கொண்டுவாருங்கள். மெழுகு கொஞ்சம் மிஞ்சினாலும் அந்த இடம் நிறம் பிடிக்காது.

2. போர்மலின் புரதங்களைப் பூட்டிவிடுகிறது. வெப்பத்தால் அந்தப் பூட்டைத் திறக்க வேண்டும். இந்தக் கட்டிகளுக்கு வேண்டிய பெரும்பாலானவற்றுக்கு பீ.எச். 9 உள்ள டிரிஸ்-ஈ.டி.ரீ.ஏ. நன்றாக வேலை செய்யும். நீர்த்தொட்டி என்றால் 95 முதல் 98 பாகையில் 20 முதல் 40 நிமிடம். பிரஷர் குக்கரில் முழு அமுக்கம் வந்த பின் சில நிமிடங்களே போதும். பிறகு அதே கரைசலில் 20 நிமிடம் ஆற விடுங்கள். அவசரத்தில் குளிர்ந்த நீருக்குள் போட்டால் இழையம் எழும்பிவிடும்.

3. 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் 10 நிமிடம். இரத்தக் கலங்களில் இயல்பாக உள்ள நொதியத்தை இது அடக்கும்.

4. இழையத்தைச் சுற்றி மெழுகுப் பேனாவால் வட்டம் போட்டு, முதன்மைப் பிறபொருளெதிரியை இடுங்கள். அறை வெப்பத்தில் 30 முதல் 60 நிமிடம், மூடிய ஈரப் பெட்டிக்குள்.

5. டுவீன் கலந்த டிரிஸ் தாங்கலில் கழுவி, பொலிமர் நொதியத் தொகுதியை 30 நிமிடம் இடுங்கள். கழுவுங்கள்.

6. கபில நிறம் தரும் டி.ஏ.பி. 5 முதல் 10 நிமிடம். கட்டுப்பாட்டு ஸ்லைட்டை (எங்கே நிறம் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த இழையம்) நுணுக்குக்காட்டியில் பார்த்துக்கொண்டே நேரத்தை முடிவு செய்யுங்கள். கையுறை கட்டாயம். கழிவைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

7. ஹீமற்றொக்சிலின் மெல்லியதாக. கருவில் பிடிக்கும் கே.ஐ.-67 க்கு நீலம் கனத்துவிட்டால் கபிலம் மறைந்துபோகும். பிறகு நீர் நீக்கி, தெளியவைத்து, மூடுகண்ணாடி போடுங்கள்.

புத்தகத்தில் 'அறை வெப்பம்' என்று எழுதியவர்களின் அறை 22 பாகை. குளிரூட்டி நின்றுபோன கொழும்பு அறை 31 பாகை. பிறபொருளெதிரியும் டி.ஏ.பி.யும் அந்த வெப்பத்தில் வேகமாக வேலை செய்யும், பின்புலம் அழுக்காகும். ஈரப் பெட்டி சரியாக மூடாவிட்டால், மின்விசிறிக் காற்றில் ஸ்லைட்டின் ஓரங்கள் காய்ந்து, ஓரம் முழுக்கக் கபிலப் பட்டி விழும். அந்தப் பட்டியில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தாங்கற் கரைசலை வாரக்கணக்கில் வெளியே வைத்தால் பூஞ்சை வரும். ஆனால் அதைத் தடுக்கச் சோடியம் அசைட் போடாதீர்கள், அது நொதியத்தைக் கொன்றுவிடும். தேவைக்கு மட்டும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அந்த நாட்கள் எங்கள் மேசையில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறபொருளெதிரிகளுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். குளிர்சாதனப்பெட்டியின் கதவைத் திறக்காமல், ஐஸ் பொதிகளை நடுவில் அடுக்கிக் காப்பாற்றினோம். அந்தக் காலத்தில் கட்டுப்பாட்டு ஸ்லைட்டுகளைத் திகதி வாரியாக அடுக்கி வைக்கத் தொடங்கினோம். ஒரு போத்தல் மெல்ல மெல்லப் பலமிழப்பதை வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகக் காட்டாது. இன்றும் அதை விடவில்லை.

புதிய போத்தல் வந்தால், அதே கம்பனி, அதே பெயர் என்றாலும், 1:50, 1:100, 1:200, 1:400 என்று ஐதாக்கி ஒரே கட்டுப்பாட்டு இழையத்தில் போட்டுப் பாருங்கள். இலக்குக் கலம் தெளிவாகவும் பின்புலம் சுத்தமாகவும் வருவதைத் தெரிவு செய்யுங்கள்.

படி 6: கட்டுப்பாட்டை முதலில் வாசியுங்கள்

நோயாளியின் ஸ்லைட்டை முதலில் நுணுக்குக்காட்டியில் வைக்காதீர்கள். கை அதைத்தான் தேடும், எனக்கும் அப்படித்தான். ஆனால் கட்டுப்பாடு தோற்றிருந்தால், நோயாளியின் ஸ்லைட் சொல்வது எதையும் கேட்கக் கூடாது.

குடல்வளரி நமக்குக் கிடைத்த வரம். எல்லா வைத்தியசாலையிலும் கிடைக்கும், ஒரே துண்டில் எல்லாம் இருக்கும். சினாப்டோபிசினில் சுவரிலுள்ள நரம்புப் பின்னல் பலமாகவும், சளிப்படையில் சிதறிய அகஞ்சுரப்புக் கலங்கள் தெளிவாகவும் பிடிக்க வேண்டும். குரோமோகிரனினில் அந்தச் சளிப்படைக் கலங்கள் பலமாக வர வேண்டும். மற்ற மேலணிக் கலங்களும் தசையும் வெறுமையாக இருக்க வேண்டும். சதையியின் தீவுகளும் நல்ல துணை. கே.ஐ.-67 க்கு டொன்சில்: லிம்போசைட்டுகள் பெருகும் முளைமையங்கள் நிறைந்து பிடிக்கும். கட்டுப்பாட்டுத் துண்டை நோயாளியின் ஸ்லைட்டிலேயே ஓரத்தில் வைத்துவிட்டால், இரண்டும் ஒரே நீரைக் குடித்தவை என்ற நம்பிக்கை இருக்கும்.

முதன்மைப் பிறபொருளெதிரி போடாத எதிர்க் கட்டுப்பாடும் வேண்டும். ஈரலுக்குப் பரவிய கட்டியில் இது மிக முக்கியம். பழைய அவிடின்-பயோட்டின் முறையில் ஈரலில் இயல்பாக உள்ள பயோட்டின் தானாகவே கபிலம் காட்டும். பொலிமர் முறையில் அந்தத் தொல்லை இல்லை. ஈரலில் எல்லாமே கபிலமாகத் தெரிந்தால் உங்கள் ஆய்வுகூடம் எந்த முறை என்று முதலில் கேளுங்கள்.

படி 7: நோயாளியின் ஸ்லைட்

நிறம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? சினாப்டோபிசினும் குரோமோகிரனினும் குழியவுருவில், மணி மணியாக. ஐ.என்.எஸ்.எம்.-1 உம் கே.ஐ.-67 உம் கருவில். கருவில் சினாப்டோபிசின் தெரிந்தால் அது பதில் அல்ல, கோளாறு.

ஒரு மாலை எங்கள் ஆய்வுகூடத்துத் தம்பி ஒருவர் தட்டோடு வந்தார்.

"டொக்டர், குரோமோகிரனின் ஒண்டுமே பிடிக்கேல்லை. நெட் இல்லையெண்டு எழுதலாமோ?"

"எங்கேயிருந்து எடுத்தது, தம்பி?"

"நேர்குடல்."

"அப்ப அவசரப்படாதேங்கோ. நேர்குடல் நெட்டிலை குரோமோகிரனின் ஏ பேசாமல் இருக்கிறது வழமை. சினாப்டோபிசினைக் கொண்டு வாங்கோ."

சினாப்டோபிசின் பலமாகப் பிடித்திருந்தது. நேர்குடலில் இந்தக் கட்டிகள் சிறியவையாக, எண்டோஸ்கோப்பியில் தற்செயலாக அகப்படும். குரோமோகிரனின் இல்லை என்று தள்ளிவிட்டால், அந்த நோயாளிக்குத் தவறான பெயரும் தவறான பின்தொடர்தலும்தான் மிஞ்சும்.

படி 8: கே.ஐ.-67 ஐ எண்ணுதல்

இந்த ஒரு படியில்தான் அதிகத் தவறும் நடக்கிறது, நோயாளியின் வாழ்வும் அதிகமாகத் தங்கியிருக்கிறது. பிரிந்துகொண்டிருக்கும் கலங்களின் கருவில் மட்டும் இருக்கும் புரதம் இது. பெயரில் உள்ள 'கே.ஐ.' ஜேர்மனியின் கீல் நகரத்தைக் குறிக்கும். அங்கே 1980 களில் உருவான பிறபொருளெதிரி அது.

சமிபாட்டுத் தொகுதியிலும் சதையியிலும் உலக சுகாதார அமைப்பின் தரப்படுத்தல் இப்படி. கே.ஐ.-67 3 சதவீதத்துக்குக் குறைவும், 2 சதுர மில்லிமீற்றரில் இழையுருப்பிரிவு 2 க்குக் குறைவும் என்றால் தரம் 1. 3 முதல் 20 சதவீதம், அல்லது 2 முதல் 20 பிரிவுகள் என்றால் தரம் 2. 20 க்கு மேல் தரம் 3. இரண்டு கணக்கும் வேறு தரம் சொன்னால் உயர்ந்ததை எடுக்க வேண்டும்.

ஸ்லைட்டைக் கண்ணால் மேய்ந்து 'ஒரு இரண்டு சதவீதம் இருக்கும்' என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2 க்கும் 4 க்கும் இடையில் கண் வித்தியாசம் காணாது, தரமோ மாறிவிடும். நான் செய்வது இதுதான். குறைந்த உருப்பெருக்கத்தில் முழுத் துண்டையும் சுற்றிப் பார்த்து, அதிகம் கபிலமாக இருக்கும் இடத்தைத் தேடுவேன். ஹொட்ஸ்பொட் என்று நாம் சொல்வது அதைத்தான். அங்கே 40 மடங்கு வில்லையில் படம் எடுத்து, அச்சிட்டு, பேனாவால் ஒவ்வொரு கருவையும் குறித்து எண்ணுவேன். கைப்பேசிப் படமும் தெளிவாக இருந்தால் போதும். குறைந்தது 500 கலங்கள், முடிந்தால் அதற்கு மேல். பயொப்சியில் அவ்வளவு இல்லை என்றால் இருப்பதையெல்லாம் எண்ணி, எத்தனை என்று அறிக்கையில் எழுதுவேன்.

ஒரு கணக்கு பார்ப்போம். 640 கலங்களில் 17 நிறம் பிடித்தால் 2.7 சதவீதம், தரம் 1. அதே கட்டியின் இன்னொரு இடத்தில் 640 இல் 22 என்றால் 3.4, தரம் 2. ஐந்தே ஐந்து கலங்கள். அதனால்தான் சரியான இடத்தைத் தேடுவதில் பொறுமை வேண்டும் என்கிறேன். மங்கலாகத் தெரியும் கருவையும் எண்ண வேண்டும். லிம்போசைட்டுகளையும் இரத்தக் குழாய்ச் சுவர்க் கலங்களையும் எண்ணக் கூடாது. லிம்போசைட் நிறைந்த இடத்தை ஹொட்ஸ்பொட் என்று எடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. சந்தேகம் வந்தால் பக்கத்துத் துண்டின் சினாப்டோபிசினோடு ஒப்பிடுங்கள்.

இழையுருப்பிரிவை எண்ணும்போது 'பத்துப் புலம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கண்வில்லையின் புல எண் 22 என்றால் 40 மடங்கில் புலத்தின் விட்டம் 0.55 மி.மீ., பரப்பு ஏறத்தாழ 0.24 சதுர மி.மீ. ஆக எட்டு, ஒன்பது புலங்களில் 2 சதுர மி.மீ. வந்துவிடும். உங்கள் நுணுக்குக்காட்டிக்கு ஒரு தடவை கணக்கிட்டு, பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

நுரையீரலில் விதி வேறு. அங்கே தரம் இழையுருப்பிரிவிலும் கலச்சாவிலும்தான். 2 சதுர மி.மீ. இல் 2 க்குக் குறைவு, கலச்சாவு இல்லை என்றால் வழமையான கார்சினொயிட். 2 முதல் 10, அல்லது கலச்சாவு இருந்தால் வழமைக்கு மாறானது. 10 க்கு மேல் நெக். கே.ஐ.-67 அங்கே நசுங்கிய பயொப்சியில் காவற்காரன் வேலை செய்கிறது. இழுப்பறையில் இருக்கும் என் ஸ்லைட்டை அதுதான் காப்பாற்றியது.

படி 9: 20 க்கு மேலே போனால்

தரம் 3 நெட்டா, நெக்கா? 2017 க்கு முன் சதையியில் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தோம். இன்று பிரித்தே ஆக வேண்டும். முதலில் தோற்றம்: கூடுகளும் உப்பு-மிளகுக் கருவும் இன்னும் இருந்தால் நெட் பக்கம். கே.ஐ.-67 55 சதவீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் நெக், ஆனால் எண்ணை மட்டும் வைத்துப் பெயர் வைக்கக் கூடாது.

தோற்றம் தடுமாறினால், கலப் பிரிவைக் கட்டுப்படுத்தும் புரதங்களான பி53 உம் ஆர்.பி.-1 உம் போடுங்கள். பி53 எல்லாக் கலத்திலும் பலமாகவோ, அல்லது ஒன்றிலுமே இல்லாமலோ வந்தால் மரபணு மாற்றம் உண்டு, அது நெக் பக்கம். ஆர்.பி.-1 இழந்திருந்தாலும் நெக் பக்கம் சாயும். ஆனால் ஆர்.பி.-1 இல்லை என்று சொல்வதற்கு முன், பக்கத்து லிம்போசைட்டிலும் இரத்தக் குழாய்க் கலத்திலும் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அவற்றிலும் இல்லை என்றால் நிறமூட்டல்தான் தோற்றது. சதையிக் கட்டியில் ஏ.ரீ.ஆர்.எக்ஸ். அல்லது டாக்ஸ் என்ற புரதத்தின் இழப்பு நெட் என்று சொல்லும்.

கட்டியில் சாதாரணப் புற்றுநோயும் நரம்பு அகஞ்சுரப்புப் பகுதியும் கலந்திருந்து, ஒவ்வொன்றும் 30 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது கலப்புக் கட்டி. இரண்டின் அளவையும் எழுதுங்கள்.

படி 10: எங்கிருந்து வந்தது

ஈரலில் நெட், மூலம் தெரியாது. கொழும்பில் இப்படி வரும் படிவங்கள் குறைவில்லை. மூலத்தைத் தேட உதவும் பிறபொருளெதிரிகள் சில உண்டு. சீ.டி.எக்ஸ்.-2 பலமாகப் பிடித்தால் சிறுகுடலைத் தேடச் சொல்லுங்கள். ஐலெற்-1 உம் பாக்ஸ்-6 உம் சதையிப் பக்கம், ஆனால் நேர்குடலிலும் வரும். சாட்பி-2 நேர்குடலிலும் குடல்வளரியிலும் உதவும். ரீ.ரீ.எவ்.-1 உம் ஓ.ரீ.பி. உம் நுரையீரல் கார்சினொயிட்டுக்கு. கல்சிடோனினும் சீ.ஈ.ஏ.யும் பிடித்தால் தைரொயிட்டின் மெடுலரி புற்றுநோய். இந்த விதிகள் நன்கு முதிர்ந்த, அதாவது இயல்பான கலத்தை ஒத்திருக்கும், நெட்டுக்கு மட்டுமே. சிறுகலப் புற்றுநோய் எங்கிருந்து வந்தாலும் ரீ.ரீ.எவ்.-1 பிடிக்கக்கூடியது. அதை வைத்து நுரையீரல் என்று எழுதிவிடாதீர்கள்.

வேடம் போடும் கட்டிகள்

இளம் பெண்ணின் சதையியில் கட்டி, சினாப்டோபிசினும் சீ.டி.56 உம் பிடிக்கிறது, குரோமோகிரனின் பிடிக்கவில்லை என்றால் பீட்டா-கட்டனின் போடாமல் விடாதீர்கள். அது கருவில் பிடித்தால் திண்மப் போலிப்பப்பிலரி கட்டி. முன்கணிப்பு நல்லது, சிகிச்சையும் வேறு. சதையியின் அசினர் கலப் புற்றுநோயும் இப்படி ஏமாற்றும். டிரிப்சினும் பி.சி.எல்.-10 உம் அதைக் காட்டிக்கொடுக்கும். இளம் வயதினரில் சிறு வட்டக் கலங்கள் என்றால் ஈவிங் சார்கோமாவையும், என்.கே.எக்ஸ்.2.2, சீ.டி.99 இரண்டையும் நினையுங்கள்.

கெரற்றின் இல்லாத, கூடு கூடான கட்டியில் கட்டா-3 உம் டைரோசின் ஹைட்ரொக்சிலேசும் பிடித்து, கூடுகளைச் சுற்றி எஸ்-100 கலங்கள் நின்றால் பராகங்கிலியோமா. அதில் எஸ்.டி.எச்.பி. இழப்பைப் பார்ப்பது குடும்பத்துக்கே முக்கியம், பரம்பரை மாற்றம் இருக்கலாம்.

சோமற்றோஸ்டற்றின் ஏற்பி

சோமற்றோஸ்டற்றின் என்ற ஹோர்மோன் வந்து பிடிக்கும் ஏற்பியான எஸ்.எஸ்.ரி.ஆர்.-2 ஐப் புற்றுநோய் வைத்தியர்கள் கேட்பார்கள். நல்ல பதில் கல மென்சவ்வில் ஓடும் கபிலக் கோடு. குழியவுருவில் மட்டும் என்றால் எழுதத் தயங்குங்கள். ஒக்ட்ரியோடைட் ஊசியும், லுற்றீசியம்-177 கொண்ட கதிர்ச் சிகிச்சையும் இந்த ஏற்பியைப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. கலியம்-68 பெற் ஸ்கான் எடுக்க முடிந்தவருக்கு அதுவே முழு உடம்பையும் காட்டும். அதற்கு வழியில்லாதபோது இந்த ஸ்லைட் கைகொடுக்கும்.

அறிக்கை

எங்கள் அறிக்கையைப் புற்றுநோய் வைத்தியர் மட்டுமல்ல, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டில் நோயாளியின் மகளும் வரி வரியாக வாசிப்பார். 'சினாப்டோபிசின் பொசிட்டிவ்' என்று மட்டும் எழுதி அவரைக் கைவிடக் கூடாது. கட்டி நன்கு முதிர்ந்ததா இல்லையா, தரம் என்ன என்று முதல் வரியிலேயே வர வேண்டும். பிறகு கே.ஐ.-67 ஐ எண்ணாகவே எழுதுங்கள், '5 க்குக் குறைவு' என்று வேண்டாம். எத்தனை கலங்கள் எண்ணினீர்கள், இழையுருப்பிரிவு 2 சதுர மி.மீ. க்கு எத்தனை, ஒவ்வொரு பிறபொருளெதிரியும் எங்கே, எவ்வளவு பிடித்தது, கட்டுப்பாடுகள் சரியாக இருந்தனவா என்பதும் வர வேண்டும். ஊசிப் பயொப்சி என்றால், முழுக் கட்டியும் அகற்றப்பட்ட பின் தரம் உயரலாம் என்று ஒரு வரி சேருங்கள். இழையம் தீர்ந்துவிட்டதா, இன்னும் எத்தனை நிறமூட்டாத துண்டுகள் இருக்கின்றன என்றும் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே நோயாளி மஹரகமவில் வேறொரு வைத்தியர் முன் உட்காரும்போது, அவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.